உள்ளூர் தியேட்டரில் யாரைப் போய்க் கேட்பது?

எங்கள் ஊரில் ஒருத்தர் படம் பார்த்துவிட்டு வந்தால் அக்கம்பக்கத்தில் முதலில் கேட்பது, "ஏசி போட்டானா?" போட்டான் என்றால் அடுத்த கேள்வி, "இடைவேளைக்கு அப்புறமும் ஓடுச்சா?" அதற்கும் ஆமாம் என்று பதில் வந்தால்தான் கதை, பாட்டு, சண்டையெல்லாம் பேச்சுக்கு வரும்.

டெல்டாவில் ஒரு நகராட்சி ஊர் இது. ஒரு காலத்தில் நான்கு தியேட்டர் இருந்தது. இரண்டு கல்யாண மண்டபமாகிவிட்டன, ஒன்று பூட்டிக் கிடக்கிறது, மிச்சம் ஒன்று. அந்த ஒன்றும் பால்கனியைத் தனியாக அடைத்து மேலே ஒரு சின்னத் திரை, கீழே ஒரு பெரிய திரை என்று இரண்டாகிவிட்டது. புஷ்பேக் சீட் போட்டிருக்கிறார்கள். வாசலில் '4கே', 'அட்மாஸ்' என்று போர்டு மின்னுகிறது. ஏதாவது கேட்டால் "பிடிக்கலேன்னா வேற தியேட்டருக்குப் போங்க" என்பார்கள். வேறு தியேட்டர் என்றால் கும்பகோணமோ தஞ்சாவூரோ பஸ் ஏற வேண்டும். எழுபது வயது தாண்டிய, மூட்டுவலி உள்ள, ஆனால் படத்தை முதல் வாரத்திலேயே பார்த்தாக வேண்டிய அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவது? ஆகவே இந்தத் தியேட்டரோடு மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டியிருக்கிறது. அப்படி மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஏசி. இதில் ஒரு தந்திரம் இருக்கிறது, பல ஊர்களில் இதேதான். படம் தொடங்குவதற்கு முன்பு நன்றாகக் குளிர வைப்பார்கள். உள்ளே நுழைந்ததும் "பரவாயில்லையே" என்று தோன்றும். முக்கால் மணி நேரம் கழித்துக் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு ப்ளோயரை மட்டும் ஓட விடுவார்கள். சத்தம் அப்படியே இருக்கும், காற்றும் வரும், குளிர் மட்டும் இருக்காது. கூட்டமான ஷோவில் கால் மணி நேரத்தில் கழுத்தெல்லாம் பிசுபிசுக்கும். படத்தில் ஆழ்ந்திருப்பவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாது, ஏதோ புழுக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சி. ஹவுஸ்ஃபுல். அம்மா முந்தானையால் விசிற ஆரம்பித்ததும் எழுந்து வெளியே வந்தேன். டிக்கெட் கிழிக்கும் பையன் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஏசி நின்னுடுச்சு."

"ஓடுதே அக்கா. சத்தம் கேக்குதுல்ல?"

"சத்தம்தான் வருது. குளிர் வரலை."

"ரிப்பேர்க்கா. தஞ்சாவூர்லேருந்து டெக்னீஷியன் வரணும்."

"மேனேஜர் எங்க?"

"வெளிய போயிருக்காரு."

"அவர் நம்பர் குடு."

"நம்பர்லாம் எங்ககிட்ட இல்லக்கா."

உள்ளே யாரோ விசிலடித்து "ஏசி போடுங்கடா" என்று கத்துவது கேட்டது. தியேட்டரில் கத்துவதால் ஒன்றும் நடக்காது. ஆபரேட்டர் ரூமுக்குக் கண்ணாடி அடைத்திருக்கிறது, அதற்குள் புரொஜெக்டரின் இரைச்சல். நீங்கள் போடும் சத்தம் உங்கள் முன்வரிசைக்காரருக்குத்தான் போய்ச் சேரும். அதோடு இப்போதெல்லாம் பாதி நேரம் அந்த ரூமில் ஆளே இருப்பதில்லை. முழு ஷோவும் கம்ப்யூட்டரில் வரிசையாக ஏற்றி வைக்கப்பட்டிருக்கும், தானாக ஓடும்.

இடைவேளை விட்டதும் நேராக டிக்கெட் கவுண்ட்டருக்குப் போனேன். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். நான் கூப்பிடவில்லை, அவர்களுக்கும் புழுக்கம். கவுண்ட்டரில் இருப்பவரிடம் பணப் பெட்டி இருக்கும், அதனாலேயே மேனேஜர் எங்கே இருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியும். கம்பிக்குள் டிக்கெட்டை நீட்டிச் சொன்னேன்: "ஏசி ரேட்டுக்கு டிக்கெட் குடுத்திருக்கீங்க. ஏசி இல்லேன்னா மிச்சக் காசைத் திருப்பிக் குடுங்க. அதுவும் முடியாதுன்னா, இந்த ஷோவுல ஏசி ரிப்பேர்னு டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

வெளியே போயிருந்த மேனேஜர் கவுண்ட்டருக்குப் பின்னால் இருந்த அறையிலிருந்து வந்தார். "ஏம்மா, எதுக்கு எழுத்தெல்லாம்? உள்ள போய் உக்காருங்க, பாத்துக்கலாம்" என்றார். படம் மறுபடி தொடங்கிப் பத்து நிமிடத்தில் குளிர் வந்துவிட்டது. தஞ்சாவூர் டெக்னீஷியன் பஸ் ஏறாமலே ரிப்பேர் சரியாகிவிட்டது.

இந்த 'ஏசி ரேட்' நானாக இட்டுக்கட்டியதில்லை. தமிழ்நாட்டில் தியேட்டர் கட்டணம் அரசு வரம்பு கட்டுகிற விஷயம். 2017 அக்டோபரில் வந்த திருத்தத்தில் மல்டிப்ளெக்ஸுக்கு வரி நீங்கலாக அதிகபட்சம் 150 ரூபாய் என்று வைத்தார்கள். மற்ற தியேட்டர்களில் ஏசி உள்ளதற்கு ஒரு வரம்பு, ஏசி இல்லாததற்கு அதைவிடக் குறைந்த வரம்பு. ஆக ஏசிக்கென்று நாம் தனியாகக் காசு கொடுக்கிறோம். அதை நிறுத்தினால் வித்தியாசத்தைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உரிமம் 'ஏசி தியேட்டர்' என்று வாங்கியிருக்கிறார்கள் என்பது மேனேஜருக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். கையெழுத்து கேட்டதும் அவர் முகம் மாறியது அதனால்தான்.

பணம் திரும்பி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த இடத்திலேயே, அவரால் கொடுக்க முடிந்த ஒன்றைக் கேட்க வேண்டும். "என்னய்யா தியேட்டர் நடத்துறீங்க" என்று ஆரம்பித்தால் அவருக்கும் பதில் தயாராக இருக்கும், கரண்ட் பில்லில் தொடங்கி ஓடிடி வரைக்கும் ஒரு பிரசங்கம். இடைவேளை பதினைந்து நிமிடம்தான். அது முடிந்தால் உங்களுக்குப் பின்னால் இருந்த கூட்டமும் படம் பார்க்கப் போய்விடும், நீங்கள் மட்டும் நிற்பீர்கள்.

பழைய ஆபரேட்டர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஃபிலிம் ரீல் காலத்தில் இதே தியேட்டரில் வேலை பார்த்தவர், இப்போது மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் அவரிடம் புலம்பியபோது விளக்கினார். "பார்க்கிங் ஒருத்தன் கான்ட்ராக்ட், கேண்டீன் இன்னொருத்தன் கான்ட்ராக்ட். ஓனருக்கு மாசாமாசம் காசு போயிடும். நீ பார்க்கிங்காரனப் பத்தி மேனேஜர்கிட்ட சொன்னா அவரு என்ன பண்ணுவாரு? அவன் இவர்கிட்டச் சம்பளம் வாங்குற ஆளா?" முதல் வார வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போய்விடுகிறது, தியேட்டருக்கு நிற்பது கேண்டீனும் பார்க்கிங்கும்தான், அதையும் மொத்தமாகக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. டிக்கெட் கிழிக்கும் பையனுக்குத் தினக்கூலி. அவனிடம் ஏசி பற்றிக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? சொல்லச் சொன்னதைச் சொல்வான். அவன்மேல் எனக்குக் கோபமே போய்விட்டது. எதைப் பற்றிப் புகார், அதற்குப் பொறுப்பாளி யார் என்பதைப் பிரித்துப் பார்த்தால் பாதித் தொண்டைத் தண்ணீர் மிச்சம்.

பார்க்கிங்கில் டோக்கனுக்குப் பின்னால் "வாகனத்திற்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருப்பார்கள். காசு வாங்கிக்கொண்டு காவல் காப்பவர் அந்த ஒரு வரியால் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது, நுகர்வோர் ஆணையங்கள் இதை அப்படியே ஏற்றுக்கொள்வதும் இல்லை. ஆனால் கண்ணாடி உடைந்த ஸ்கூட்டிக்கு யார் ஆணையத்துக்குப் போகப் போகிறார்கள்? நான் செய்வது இரண்டு. வண்டியை விடும்போது டோக்கனை சீட்மேல் வைத்து ஒரு போட்டோ. காசை யுபிஐயில் கட்டுவது. பணம் எந்தப் பெயருக்குப் போகிறது என்று திரையில் வரும், கான்ட்ராக்ட்காரர் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். எங்கள் பார்க்கிங்கில் "யுபிஐ ஒர்க் ஆகலைக்கா" என்று சொல்வது புது ஸ்டைல். பக்கத்து டீக்கடையில் அதே நெட்வொர்க்கில் எல்லாம் வேலை செய்கிறது.

ஒலி, ஒளி விஷயத்தில் பெரும்பாலோர் "சவுண்டு சரியில்லை" என்று மட்டும் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் ஆபரேட்டர் வால்யூமைக் கூட்டிவிட்டுப் போய்விடுவார், சண்டைக் காட்சியில் காது கிழியும், பேச்சு அப்போதும் கேட்காது. படத்தில் வசனம் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கர் வழியாகத்தான் பெரும்பாலும் வரும். இசையும் மற்ற சத்தங்களும் பக்கத்து ஸ்பீக்கர்களில் பரவி வரும். பாட்டு கணீரென்று கேட்டு, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தால், நடு ஸ்பீக்கரோ அதன் ஆம்ப்ளிஃபையரோ போயிருக்கிறது என்று அர்த்தம். "சென்டர் ஸ்பீக்கர் ஓடுதான்னு பாருங்க" என்று சொன்ன அன்று ஆபரேட்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் போய்ப் பார்த்தார். ஸ்விட்ச் விழுந்து கிடந்ததாம். அதுவரை நாயகியின் உதடு மட்டும்தான் எங்களுக்குப் படம் காட்டியது.

வால்யூம் பற்றியும் அந்தப் பழைய ஆபரேட்டர் சொல்லித்தான் தெரியும். ஒலிக் கருவியில் 0 முதல் 10 வரை எண் இருக்கும். ஸ்டுடியோவில் படத்துக்கு ஒலிக்கலவை செய்வது 7 என்ற அளவை வைத்து. தியேட்டரில் அதே 7-ல் ஓட்டினால்தான் இயக்குநர் கேட்டதை நாமும் கேட்போம். பல இடங்களில் ஐந்துக்கும் கீழே வைத்துவிடுகிறார்கள். ஸ்பீக்கர் பழசு, கிழிந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம், "சத்தம் ஜாஸ்தி" என்று வந்த புகார் ஒரு பக்கம். இப்போது நான் "எத்தனைல வச்சிருக்கீங்க?" என்று எண்ணைக் கேட்கிறேன். எண் கேட்பவரை ஆபரேட்டர்கள் கொஞ்சம் மதிக்கிறார்கள்.

படம் மங்கலாகத் தெரிந்தால் இரண்டு காரணம் சாதாரணமாக இருக்கும். ஒன்று, புரொஜெக்டர் விளக்குக்கு வயதாகிவிட்டது. சீனான் விளக்கை மாற்ற வேண்டிய நேரம் தாண்டியும் ஓட்டினால் வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். டிஜிட்டல் திரையில் நடுப்பகுதியில் 48 நிட் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது தொழிலின் அளவுகோல். இதை நம்மால் அளக்க முடியாது, ஆனால் ராத்திரிக் காட்சிகளில் முகமே தெரியவில்லை என்றால் ஊகிக்கலாம். இரண்டாவது காரணம் சுலபமாகச் சரிசெய்யக்கூடியது. 3டி படத்துக்கு மாட்டிய வடிகட்டியைச் சாதாரணப் படத்துக்கும் கழற்றாமல் விட்டிருப்பார்கள். "காலை ஷோ 3டியா? அந்த ஃபில்டர் கழட்டினீங்களா?" என்று கேளுங்கள். இதையெல்லாம் முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும். இடைவேளைக்குப் பிறகு சொன்னால் "இவ்ளோ நேரம் பாத்தீங்கல்ல" என்பார்கள், அதற்கு நம்மிடம் பதில் இருக்காது.

கேண்டீன் கதை நீளம். 20 ரூபாய் என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டில் 40 ரூபாய். பில் கிடையாது. கேட்டால் "மிஷின் ரிப்பேர்". இந்தத் தியேட்டரில் ரிப்பேர் ஆகாத ஒரே பொருள் பாப்கார்ன் மிஷின்தான். பொட்டலமாக அடைத்து விலை அச்சிட்ட எதையும் கடைக்காரர் அந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது. தியேட்டருக்கென்று தனி எம்ஆர்பி அச்சடித்துக் கொண்டுவரும் பழக்கம் முன்பு இருந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு எம்ஆர்பி கூடாது என்ற விதி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உட்கார வைத்துப் பரிமாறும் ஹோட்டல்களுக்கு 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விலக்குக் கொடுத்தது உண்மை. அதைக் கேண்டீன்காரர்கள் தங்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்வார்கள். கம்பி ஜன்னல் வழியாக பாட்டிலை நீட்டுபவர் என்ன பரிமாறுகிறார்?

எங்கே புகார் செய்வது என்று பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரிய நாளாயிற்று. தமிழ்நாட்டில் எடையளவு, எம்ஆர்பி எல்லாம் தொழிலாளர் துறையின் கையில். மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) என்று ஒரு அலுவலகம் இருக்கும். பாட்டிலில் விலை அச்சான பக்கத்தைப் படம் எடுத்து, நான் 40 ரூபாய் கட்டிய யுபிஐ ரசீதையும் வைத்து, தேதி, ஷோ நேரம் போட்டு ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். சில வாரம் கழித்து ஆய்வுக்கு வந்துவிட்டுப் போனார்கள் என்று கேள்வி. அதற்குப் பிறகு பாட்டில் 20 ரூபாய்க்கே கிடைத்தது. ஆனால் குளிர்பானத்தைப் பாட்டிலோடு விற்பதை நிறுத்திவிட்டு பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கப்புக்கு ஏது எம்ஆர்பி? பாப்கார்னுக்கும் பப்ஸுக்கும் சட்டப்படி விலை வரம்பு இல்லை, அதில் சண்டை போட்டுப் பலனில்லை. வாங்காமல் இருப்பது ஒன்றுதான் வழி.

வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுபோவதிலும் அப்படித்தான். வாசலில் கைப்பையைத் துழாவும் ஊழியரிடம் பலர் சட்டம் பேசுகிறார்கள். 2023 ஜனவரி 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் இதில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு. ஆனால் சுகாதாரமான குடிநீரை இலவசமாக வைக்க வேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது. எங்கள் தியேட்டரில் குடிநீர் இருக்கிறது, கழிவறைச் சுவரை ஒட்டி ஒரு குழாய், டம்ளர் இல்லாமல். அந்தத் தீர்ப்புச் செய்தியை போனில் சேமித்து வைத்திருக்கிறேன். தங்கச்சி கைக்குழந்தையோடு வந்த அன்று பால் பாட்டிலை வெளியே வைக்கச் சொன்னார்கள். போனைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரையோடு இரண்டு பிஸ்கட் வைத்திருப்பாள். அதைப் பிடுங்கப் பார்த்தபோது மட்டும் நான் சட்டத்தை இழுக்கவில்லை. "அம்மாவுக்கு மயக்கம் வந்தா நீங்கதான் பாத்துக்கணும்" என்றேன். பிஸ்கட் பைக்குள்ளேயே திரும்பிப் போனது.

ஆன்லைனில் டிக்கெட் எடுப்பதில் வேறு மாதிரித் தலைவலி. ஒரு வார நாளில் இரவுக் காட்சிக்கு நான்கு டிக்கெட் போட்டுவிட்டுப் போனால் கேட் பூட்டியிருக்கிறது. "ஆள் இல்லம்மா, ஷோ கேன்சல்" என்றார் வாட்ச்மேன். நாங்கள் நான்கு பேர் ஆள் இல்லையாம். டிக்கெட் காசு சில நாளில் வந்துவிட்டது. கன்வீனியன்ஸ் ஃபீ வரவில்லை. டிக்கெட்டுக்கு 30 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 35.40. அதை ஒரு புக்கிங்குக்கு ஒரு தடவை என்று வாங்குவதில்லை, ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் வாங்குகிறார்கள். நான்கு டிக்கெட்டுக்கு 141.60. ஆப்காரர்கள் "தியேட்டர் ரத்து செய்தது, எங்கள் சேவை முடிந்துவிட்டது" என்றார்கள். தியேட்டரில் "நீங்க அவங்ககிட்டதானே கட்டுனீங்க" என்றார்கள். நல்லவேளை, கேட் பூட்டியிருந்ததைப் படம் எடுத்து வைத்திருந்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தேன், தமிழிலேயே பேசலாம். ஃபீயும் திரும்பி வந்தது. பெரிய நிறுவனங்கள் நம் மின்னஞ்சலுக்குக் கொடுக்காத பதிலை அங்கிருந்து போகிற புகாருக்குக் கொடுக்கின்றன. இதே ஆப்களில் நன்கொடை என்று ஒரு ரூபாய் தானாகச் சேர்ந்திருந்தால் கட்டுவதற்கு முன்பு எடுத்துவிடுங்கள். கேட்காமல் கூடையில் சேர்ப்பது கூடாது என்று 2023 நவம்பரிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது.

பெரிய நடிகர் படம் வரும் முதல் மூன்று நாள் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். விலையே அச்சிடாத டிக்கெட், அல்லது 120 அச்சிட்டு 250 வாங்குவது. டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள், யுபிஐயில் கட்டுங்கள், காசாகத்தான் வேண்டும் என்றால் அதையும் புகாரில் எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அதற்கு மேல் 18 சதவீதம் அப்படியே. உங்கள் ஊர்த் தியேட்டரில் 100 ரூபாய்க்குள் இருக்கும் வகுப்பில் பழைய விலையே ஓடினால் ஏன் என்று கேட்கலாம்.

என்னை உண்மையில் எழுதவும் ஓடவும் வைத்தது இவை எதுவுமில்லை, பெண்கள் கழிவறை. மூன்று அறை. ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, ஒன்றில் விளக்கு இல்லை, மூன்றாவதில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இடைவேளையில் நாற்பது ஐம்பது பெண்கள் வரிசையில் நிற்க, தாழ்ப்பாள் இல்லாத கதவை வெளியிலிருந்து பெண்கள் முறைவைத்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்போம். முன்பின் தெரியாதவர்கள் அங்கே "நான் புடிச்சுக்கிறேன், நீங்க போங்க" என்று சொல்லிக்கொள்வார்கள். மேனேஜரிடம் சொன்னால் "சரி மேடம்" என்பார். அந்தச் "சரி"யை எத்தனையோ படமாகக் கேட்டுவிட்டோம்.

தியேட்டருக்கு உரிமம் தருவது மாவட்டங்களில் ஆட்சியர், சென்னையில் போலீஸ் கமிஷனர். அதற்கு அடிப்படை 1955-ம் ஆண்டு தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம். 'சி ஃபார்ம்' என்று தியேட்டர்காரர்கள் சொல்வது இந்த உரிமத்தைத்தான். அதைப் புதுப்பிக்கும்போது கட்டடம், மின்சாரம், தீயணைப்பு என்று எல்லாவற்றுக்கும் சான்று வேண்டும், கழிவறையும் அதில் சேர்த்தி. எங்கள் மகளிர் குழுவில் பேசி, ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தோம். மனுவில் ஏசி, பாப்கார்ன், பார்க்கிங் எதையும் கலக்கவில்லை. கழிவறை மட்டும், ஒரு பக்கம், கீழே கையெழுத்துகள். பத்துக் குறையை ஒரே மனுவில் எழுதினால் பத்து அலுவலகத்துக்குச் சுற்றி எங்கும் நிற்காது என்று அங்கே மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் சொன்னார். அவர் சொன்னது சரி. மனு எண்ணோடு ரசீது கொடுத்தார்கள், பிறகு தாசில்தார் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்த்தார்கள். தாழ்ப்பாள் வந்தது, விளக்கு வந்தது, நாற்காலிகள் மொட்டை மாடிக்குப் போயின. தண்ணீர் மட்டும் இன்னும் அவ்வப்போதுதான்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகலாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் தியேட்டருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, பதினைந்து நாள் பார்த்துவிட்டுப் போங்கள். ஆனால் தீர்ப்பு வந்த மறுநாளே காசு வரும் என்று நினைக்காதீர்கள். பெங்களூருவில் ஒருவர் 2023 டிசம்பரில் 4:05 மணிக் காட்சிக்குப் போனார், விளம்பரம் எல்லாம் முடிந்து படம் தொடங்கியது 4:30-க்கு. அந்த 25 நிமிடத்துக்காக வழக்குப் போட்டு, 2025 பிப்ரவரியில் ஜெயித்தார். மன உளைச்சலுக்கு 20,000 ரூபாய், செலவுக்கு 8,000, நுகர்வோர் நல நிதிக்குத் தனியாக ஒரு லட்சம் என்று உத்தரவு. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்துவிட்டது. பொறுமையும் வீட்டில் ஆதரவும் இருப்பவர்கள் போடட்டும், அவர்களால்தான் மற்றவர்களுக்கும் வழி பிறக்கிறது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அம்மாவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அடுத்த படம்.

தாசில்தார் அலுவலகத்திலிருந்து வந்துபோன பிறகு, கவுண்ட்டர் கம்பிக்கு மேலே மேனேஜரின் போன் நம்பரைப் பெயின்ட்டில் எழுதிவிட்டார்கள். அழைத்தால் எடுக்கிறார், "மேடம், எந்த ரோ?" என்றுகூடக் கேட்கிறார். இடைவேளை முடிந்த அரைமணியில் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் போலிருக்கிறது, அதற்குப் பிறகு மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே எங்கள் தியேட்டருக்கு வருகிறவர்கள் எதுவானாலும் முதல் பாதியிலேயே கூப்பிட்டுவிடுங்கள்.